மோட்டார் ரூம் விளக்கு

மயிலாப்பூர்
19 ஏப்ரல் 2020

மஹதிக்கு வேம்பு எழுதுவது.

கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். வலது கண் தெளிவாகத் தெரிகிறது. இடது கண் ஆபரேஷன் எப்போது என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவசர கேஸ் தவிர எதையும் தொடுவதில்லையாம்.

கடிதமா என்று சிரிக்காதே. இந்த ஒரு ரூம் ஃப்ளாட்டில் நான் போனில் பேசினால் உன் ஆத்துக்காரன் ராகவேந்திரன் காதில் விழாமல் இருக்காது. நாள் முழுக்க ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். தரமணி ஆபீஸே இங்கே வந்துவிட்டது. என் தம்பிதான், ஆனாலும் உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் பேச்சை அவனிடம் அப்போதைக்கப்போது ஒப்பிக்க எனக்கு இஷ்டமில்லை.

டில்லிபாபுவின் காய்கறி வேனில் நீ அனுப்பிய பை வந்தது. இந்தக் கடிதத்தையும் அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கத்தரிக்காயைக் கிளையோடு பிய்த்திருக்கிறாய். வெண்டைக்காய் முற்றல், கத்தி இறங்கவில்லை. நான் கண் ஆபரேஷனுக்கு வரும்போது, பத்து நாள் என் தோட்டத்தைப் பார்த்துக்கொள் என்று உன்னை அங்கே விட்டேன். ஊரடங்கு வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பத்து நாளோ பத்து மாசமோ, காய் பறிக்கக் கத்தரிக்கோல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

இன்னொன்று. பையில் தேங்காய் ஒன்றுகூட இல்லை. இத்தனை நாளில் ஒரு காய்கூடவா விழவில்லை? பக்கத்து நிலத்துப் பொன்னுரங்கம் நல்லவர்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு கை அளவு வேலியை உள்ளே தள்ளுகிற நல்லவர். கேட்டைப் பகலிலும் பூட்டி வை. யாரையும் உள்ளே விடாதே.

வேம்பு


தோட்டம்
26 ஏப்ரல் 2020

அக்காவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கத்தரிக்காய் எப்படி இருக்கிறது, வெண்டைக்காய் எப்படி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று எங்கேயும் கேட்கவில்லை.

நான் நாலு புடவையோடு வந்தவள். இங்கே ஏரிக்கரையில் ஏறி நின்றால்தான் போன் எடுக்கிறது. என் பாட்டு கிளாஸ் நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது. மாட வீதியில் இருக்கிற மற்ற டீச்சர்கள் எல்லாம் போனிலேயே கீதம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். என் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தினமும் சாயங்காலம் கரையில் நின்று உங்கள் தம்பியிடம் ஈ-பாஸ் என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். "அக்கா கண் ஆறட்டும்" என்பார். நேற்று, "தோட்டத்தை யார் பாத்துப்பா?" என்றார். அது அவர் வாக்கியமே இல்லை. கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதருக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன கவலை? யார் சொல்லிக்கொடுத்து அவர் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

பொன்னுரங்கம் தினமும் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். "மெட்ராஸ்லேர்ந்து வேற யாரும் வரலைதானேம்மா?" என்று கேட்கிறார். பட்டணத்துக்காரி என்றாலே இந்த ஊரில் இப்போது பத்தடி தள்ளி நிற்கிறார்கள்.

தேங்காய் விழுந்தது. நான் துவையல் அரைத்துச் சாப்பிட்டேன். அதற்கும் உங்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டுமா?

மஹதி


மயிலாப்பூர்
10 மே 2020

மஹதிக்கு,

போன வாரப் பையையும் இந்த வாரப் பையையும் பார்த்தேன். கத்தரிக்காய் காம்பு ஒரே அளவில் வெட்டியிருக்கிறது. வெண்டை பிஞ்சு. புடலங்காய் கோல் மாதிரி நேராக இருக்கிறது. புடலை நேராக வளர வேண்டுமானால் பிஞ்சிலேயே நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். அது உனக்குத் தெரியாது. நான் உனக்குச் சொன்னதும் இல்லை.

கோபப்படாதே. எட்டு வருஷமாக உன்னைத் தெரியும். உன் பால்கனித் துளசி பிழைத்ததே நான் வரும்போதெல்லாம் தண்ணீர் விட்டதால்தான். இரண்டு வாரத்தில் இவ்வளவு கற்றுக்கொள்கிறவள் நீ இல்லை.

வியாழக்கிழமை பொன்னுரங்கம் எனக்குப் போன் செய்தார். மோட்டார் ரூமில் சாயங்காலமானால் விளக்கு எரிகிறதாம். கொடியில் ஆம்பிளை வேஷ்டி காய்கிறதாம். இருமல் சத்தம் கேட்டதாம். "நீங்க ஆள் எதுவும் போட்ருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

டில்லிபாபுவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவன், கேட்காததற்கும் பத்து பதில் சொல்கிறவன். "எனுக்கு இன்னா தெரியும் மா? கேட்டாண்ட நின்னு மூட்டைய வாங்கிக்கினு வந்துனே இருப்பேன்" என்று வேன் டயரைப் பார்த்துச் சொன்னான். டயரில் ஒன்றும் இல்லை.

உனக்கு முப்பத்தெட்டு வயது. பாட்டு, கச்சேரி என்று பல பேரோடு பழகுகிறவள். நான் எதையும் சொல்லவில்லை. ராகவேந்திரனிடமும் சொல்லவில்லை. அது என் வீடு, என் கிணறு, என் மோட்டார் ரூம். அங்கே யார் இருக்கிறார் என்று கேட்கிறேன்.

வேம்பு


தோட்டம்
17 மே 2020

அக்கா,

பாட்டு, கச்சேரி என்று எழுதிவிட்டு "நான் எதையும் சொல்லவில்லை" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

வேஷ்டி உங்கள் தம்பியுடையது. பொங்கலுக்கு வந்தபோது விட்டுப்போனது. தலையணைக்கு உறையாகப் போட்டுத் தோய்த்தேன். மோட்டார் ரூமில் விளக்கை அணைக்க மறந்திருப்பேன். புடலைக்குக் கல் கட்டச் சொன்னது பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி முத்தம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னாள். இருமினது நான்.

இவ்வளவுதான். உங்களுக்குக் காய் நன்றாக வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் கஷ்டம்.

ஒரு விஷயம் கேட்கலாமா? இந்த ஆத்தில் அத்திம்பேர் படம் ஒன்றுகூட இல்லை. உங்கள் ஆத்துக்காரர் பார்க்க எப்படி இருப்பார்? உயரமா? அவர் எப்படிக் காலமானார் என்று உங்கள் தம்பியிடம் கல்யாணமான புதிதில் கேட்டேன். "அக்கா முன்னாடி அந்தப் பேச்சே எடுக்காதே" என்று மட்டும் சொன்னார். தனியாக இருக்கும்போது இந்த மாதிரி யோசனைகள் வருகின்றன. தப்பாக நினைக்காதீர்கள்.

மஹதி


மயிலாப்பூர்
24 மே 2020

மஹதிக்கு,

முத்தம்மா தை மாசத்திலிருந்து அச்சிறுப்பாக்கத்தில் பெண் வீட்டில் இருக்கிறாள். பெண்ணின் பிரசவத்துக்குப் போனவள், ஊரடங்கில் மாட்டிக்கொண்டாள். பொன்னுரங்கமே சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் யார் வந்து நின்றார்கள் உனக்கு?

இந்த வாரப் பையில் அரைக்கீரை வந்தது. வாழை நாரால் கட்டியிருந்தது. அந்தக் கட்டை நான் அவிழ்க்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். கீரை வாடுகிறதே என்று ராகவேந்திரன் எடுக்க வந்தான். தொடாதே என்று சத்தம் போட்டேன். பயந்துபோனான்.

கீரையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, நுனியை உள்ளே மடித்துச் செருகி, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிந்திருக்கிறது. கீரைக்காரர்கள் அப்படிக் கட்டமாட்டார்கள். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா கேஸ் கட்டைக் கட்டுகிற கட்டு அது. சைதாப்பேட்டையில் எங்கள் போர்ஷன் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டைக் கட்டுவதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அத்திம்பேர் உயரமா என்று ஏன் கேட்டாய்?

சமாதானம் எதுவும் எழுதவேண்டாம். என் தோட்டத்தில் இருப்பவர் பெயரை மட்டும் எழுது.

வேம்பு


தோட்டம்
31 மே 2020

அக்கா,

சுந்தரராமன் என்று சொல்கிறார்.

பெயரை மட்டும் எழுதச் சொன்னீர்கள். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. இதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதமாகத் தனியாக இருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் வந்து நின்றார். தோளில் துணிப்பை, முகத்தில் துண்டு, கால் இரண்டிலும் கொப்புளம். "வேம்பு இருக்காளா?" என்று கேட்டார். இந்த ஊரில் உங்களை டீச்சர் என்று கூப்பிடாத ஆள் இல்லை. அதனால்தான் கேட்டுவரை போனேன். நீங்கள் மயிலாப்பூரில் இருப்பதைச் சொல்லிவிட்டு, யார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "சுந்தரராமன். அவ ஆத்துக்காரர்" என்றார்.

"அவர் காலமாகி எத்தனையோ வருஷமாச்சு" என்றேன். அவர் கேட் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்படியா சொல்லியிருக்கா" என்றார். அப்புறம், "சரி. அதுவும் சரிதான்" என்றார்.

நான் கேட்டைத் திறக்கவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரையும் மோர் சாதத்தையும் மதில் மேல் வைத்தேன். மறுநாள் காலையிலும் எதிரில் புளியமரத்தடியில் இருந்தார். பொன்னுரங்கம் பார்த்தால் ஊரைக் கூட்டிவிடுவார், மெட்ராஸிலிருந்து வந்தவர் என்று போலீஸ் வரும், என்னையும் சேர்த்து உள்ளே வைத்து அடைப்பார்கள். அந்தப் பயத்தில்தான் திறந்தேன். இரக்கப்பட்டுத் திறந்தேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மோட்டார் ரூமைக் காட்டினேன். அதற்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றேன். அவர் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கத்தரிப் பாத்தி கொத்தியிருந்தது.

கொட்டிவாக்கத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு பங்களாவில் தோட்டக்காரராகவும் வாட்ச்மேனாகவும் இருந்தாராம், இத்தனை வருஷமும். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் கொரோனா என்றதும் பங்களாவைப் பூட்டச் சொல்லிவிட்டார்களாம். போக இடமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோடு நடந்து, பாதி வழி ஒரு வைக்கோல் லாரியில் ஏறி வந்திருக்கிறார். இந்த இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்கள் தோட்டத்தைப் பற்றி நாலு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகையில் ஒரு பக்கம் வந்ததே, அதில் ஊர்ப் பெயர் இருந்ததாம்.

அதுதான் எனக்குச் சந்தேகம். பத்திரிகையில் படித்த எவன் வேண்டுமானாலும் வரலாமே. தனியாக இருக்கிற பொம்மனாட்டி, கிணறும் தென்னையுமாக இடம், கேட்க நாதியில்லை என்று. இவர் அதிகம் பேசுவதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார். ஒரு பொய்யனால் இவ்வளவு பொறுமையாக இருக்க முடியுமா என்று யோசிப்பேன். உடனே, பொய்யனால்தான் முடியும் என்றும் தோன்றும். அரிவாளைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

ஒரு நாள் நேராகவே சோதித்தேன். வேம்பு அக்காவைப் பற்றி வெளியாளுக்குத் தெரியாதது ஒன்று சொல்லுங்கள் என்றேன். "கணக்குப் போடும்போது நுனி நாக்கைக் கடிச்சுப்பா. பரீட்சைப் பேப்பர் திருத்தி முடிக்கறதுக்குள்ள நாக்குல ரத்தம் வந்துடும்" என்றார். நீங்கள் பால் கணக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பஸ் விட்டாப் போயிடறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் வேஷ்டி, முத்தம்மா என்று உளறினேன்.

அவர்தானா? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மஹதி


மயிலாப்பூர்
7 ஜூன் 2020

மஹதிக்கு,

அவர்தான்.

கொட்டிவாக்கம் என்று நீ எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னோடு அடையாறு ஸ்கூலில் வேலை பார்த்த ஜமீலுன்னிசா டீச்சர் வீடு கொட்டிவாக்கத்தில்தான். பல சனிக்கிழமை அங்கே போயிருக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்த பங்களாக்கள் வழியாகத்தான் நடப்பேன். எந்த மதிலுக்குப் பின்னால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாரோ.

2001-ல் போனவர். ஒரு காலை வக்கீல் ஆபீசுக்குக் கிளம்பினார், வரவில்லை. நான் காசிக்குப் போனேன், ஹரித்வாருக்குப் போனேன். ராகவேந்திரன் அப்போது வேலையில் சேர்ந்த புதிது, லீவு போட்டுக்கொண்டு கூட வந்தான். மூன்று முறை பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவராக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போவேன். மூன்றாவது முறை அவராகவே இருந்து தொலைக்கட்டும் என்று தோன்றியது. அன்றோடு தேடுவதை நிறுத்திவிட்டேன்.

கேட்டவர்களிடம் "போய்விட்டார்" என்று சொன்னேன். அவரவர் இஷ்டப்படி அர்த்தம் செய்துகொண்டார்கள். நீயும் செய்துகொண்டாய். இவள் குங்குமம் வைத்துக்கொள்கிறாளே, படித்தவள், சீர்திருத்தக்காரி என்று நினைத்திருப்பாய். அப்படியெல்லாம் இல்லை. எதை வைப்பது, எதை எடுப்பது என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

அந்த இடம் என் பி.எஃப். பணத்தில் வாங்கியது. நான் தோண்டின கிணறு. அதற்காக வந்தாரா, பசிக்காக வந்தாரா என்று பார். பத்திரம் எங்கே இருக்கிறது என்ற பேச்சை எடுக்கிறாரா என்று கவனி. யாரிடமாவது போனில் பேசுகிறாரா என்று பார். சாப்பாட்டை மோட்டார் ரூம் வாசலிலேயே வை. ஆத்துக்குள் விடாதே.

போகச் சொல்லாதே. போகச் சொல்லாதே என்றால் வைத்துக்கொள் என்று அர்த்தமில்லை.

வேம்பு


தோட்டம்
21 ஜூன் 2020

அக்கா,

சென்னையில் மறுபடியும் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டார்களாமே. டில்லிபாபு எப்போது வருவான் என்று தெரியாது. எழுதிவைக்கிறேன்.

போன திங்கட்கிழமை அவருக்கு ஜுரம் வந்தது. மூன்றாம் நாள் பொன்னுரங்கம் கேட்டுக்கு வெளியே பத்து பேரோடு நின்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. வீட்டில் பேரக்குழந்தைகளை வைத்திருக்கிறார். கூடவே ஹெல்த் இன்ஸ்பெக்டரும் ஒரு நர்ஸம்மாவும் முழு உடுப்பில் வந்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள். அப்புறம் ஆதார் கேட்டார்கள். பங்களாவிலேயே விட்டுவிட்டாராம். யார், எந்த ஊர், இங்கே எப்படி வந்தார் என்று கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பாரில்லாதவர் என்றால் முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

இடத்துக்குச் சொந்தக்காரரிடமே கேளுங்கள் என்று உங்கள் நம்பரைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் கரைமேல் ஏறி நின்று ஸ்பீக்கரில் போட்டார். ஊரே நின்றது. பெரியவரும் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்.

"டீச்சரம்மா, இந்தப் பெரியவர் உங்களுக்கு யாரு?"

லைன் போய்விட்டதோ என்று இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உங்கள் குரல் வந்தது. "என் தோட்டத்து ஆள். அங்கயே இருக்கட்டும். மருந்து, மாத்திரை எதுவானாலும் நான் பொறுப்பு" என்றீர்கள்.

கேட்டில் மூங்கில் கட்டி, நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நேற்று ரிசல்ட் வந்தது. கொரோனா இல்லை, வெறும் ஜுரம்தான்.

அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்துக்காரர் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று. அவரோ கோபப்படவில்லை. கஞ்சி கொண்டுபோனபோது, "குரல் மாறவே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் தம்பி போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எனக்கு ஈ-பாஸ் கேட்டு ஏப்ரலிலேயே எல்லாம் தயார் செய்தாராம். நீங்கள்தான் அனுப்ப வேண்டாம் என்றீர்களாம். உண்மையா?

மஹதி


மயிலாப்பூர்
12 ஜூலை 2020

மஹதிக்கு,

உண்மை. தோட்டத்துக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன். செடிகள் காய்ந்துவிடுமே என்று நினைத்தேன். உன் பாட்டு கிளாஸ் பற்றி நினைக்கவில்லை. உன்மேல் நான் பட்ட சந்தேகத்தை எல்லாம் எழுத்தில் எழுதினேன். நீ என்மேல் பட்ட சந்தேகம் ஒன்றுதான். அது சரியாக இருந்தது.

ஆத்துக்காரர் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. பத்தொன்பது வருஷம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை, கரைமேல் நிற்கிற ஊருக்குச் சொல்ல நான் தயாராக இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் கொண்டுபோயிருப்பார்கள். அதற்கும் மனசு வரவில்லை. அந்த நேரத்தில் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

ஈ-பாஸ் எனக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததும் காரில் வருகிறேன். அதே காரில் நீ திரும்பிவிடலாம்.

நான் வருவதை அவரிடம் சொல்லாதே. தெரிந்தால் போய்விடுவார்.

வேம்பு


தோட்டம்
26 ஜூலை 2020

அக்கா,

சொல்லிவிட்டேன். இன்னொரு ரகசியத்தைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. அவர் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் "எப்போ?" என்று கேட்டார். தேதி தெரியாது என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பையை மடித்து வைத்திருக்கிறார், பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதலில் மோட்டார் ரூம் கதவைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் வரும்போது இல்லையென்றால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மஹதி


தோட்டம்
17 ஆகஸ்ட் 2020

அன்புள்ள மஹதிக்கு,

கார் கிளம்பும்போது நீ கண்ணாடியை இறக்கித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். அதற்கப்புறம் நடந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு இருக்கிறது.

வழி நெடுக, அவர் இருக்கமாட்டார் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். வெறும் மோட்டார் ரூமை எப்படிப் பார்ப்பது என்று மனசைத் தயார் செய்துகொண்டு வந்தேன். கேட்டைத் திறந்தால் கிணற்றடியில் நிற்கிறார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நீ நம்புவாயா? ஓடிப்போனவர் என்று இத்தனை வருஷம் பழகிவிட்டது. நிற்கிறவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மெலிந்துவிட்டார். முன்னால் ஒரு பல் இல்லை. தெருவில் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

உன்னை அனுப்பிவிட்டு, தோய்க்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவர் நின்றார். "ஏன்?" என்று கேட்டேன். எத்தனையோ விதமாகக் கேட்க வேண்டும் என்று இருந்தவள், கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்றைக்கு ஆபீஸ் போக சைதாப்பேட்டை ஸ்டேஷன் பாலத்தைக் கடக்கப் போயிருக்கிறார். கீழே தாம்பரம் பக்கம் போகிற ரயில் வந்து நின்றிருக்கிறது. ஏறிவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாதாம். கடைசி ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "அன்னிக்குச் சாயங்காலமே திரும்பியிருக்கலாம். ஒண்ணும் ஆகியிருக்காது. திரும்பலை. மறுநாள், என்ன சொல்லிண்டு திரும்பறதுன்னு தெரியலை. ஒரு மாசம் கழிச்சும் தெரியலை. அப்புறம் அப்படியே ஆயிடுத்து" என்றார்.

வேறு பொம்மனாட்டியா என்று கேட்டேன். இல்லை. கடனா? இல்லை. குழந்தை இல்லை என்றா? என் வாய்க்குப் பயந்தா? "உன்மேல ஒரு குறையும் இல்லை" என்றார்.

பத்தொன்பது வருஷமாக நான் சந்தேகப்படாத ஆள் இல்லை, மஹதி. பக்கத்துப் போர்ஷன்காரியை, அவர் முதலாளியை, என் மாமியாரை, என்னை. அதில் ஒன்றுகூட நிஜமில்லை. ஒரு ரயில் வந்தது, ஏறினார், அவ்வளவுதான். பெரிய துரோகம் ஏதாவது இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அழுகை வரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. பசித்தது.

உள்ளே போய் சாதம் வைத்தேன். ரசம், அவரைக்காய் கறி. ஆத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினேன். இரண்டாம் தரம் ரசம் கேட்கத் தயங்கினார், நானே விட்டேன். பத்திரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. இருக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பங்களாக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்களாம், ஜுரம் விட்டபின் இவர் பேசிய பொன்னுரங்கம் நம்பருக்கே மறுபடி வரச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறார்களாம். "போகட்டுமா?" என்றுதான் கேட்டார். போங்கோ என்றேன்.

இன்று காலை டில்லிபாபு வந்தான். மூட்டை எல்லாம் ஏற்றிய பிறகு, "முன்னால வந்து குந்து பெர்சு, கொட்டிவாக்கத்துல எறக்கி உட்டுர்றேன்" என்றான். அவர் பையை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

2001-ல் அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றேன்.

இன்றைக்கும் அதே பழக்கத்தில் "போயிட்டு..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "போறேன்னு மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

அப்படிச் சொல்லக்கூடாது என்றுதான் நம் ஆத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கும் தெரியும்.

"போறேன், வேம்பு" என்றார்.

"சரி" என்றேன்.

வேன் கிளம்பியது. ஏரிக்கரையில் ஏறி, பனைமரங்களைத் தாண்டி, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது. திரும்பி மறைகிறவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை அவர் போவதை நான் பார்த்தேன்.

வேம்பு